சோழவரம் ரேஸும் எங்க மாமாவும்

2024-ல தீவுத்திடலைச் சுத்தி நைட் ரேஸ் நடந்தப்போ, "சென்னைக்கு ரேஸ் வந்தாச்சு"ன்னு நிறைய பேர் ஸ்டேட்டஸ் போட்டீங்க. ஆனா ரேஸ் இங்க 1950-கள்லயே வந்தாச்சு.

செங்குன்றம் தாண்டினா சோழவரம். அங்க இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு இருந்தது. அதுதான் ரேஸ் டிராக். 80-கள்ல மாமா என்னை பஸ்ல கூட்டிட்டுப் போவார். புழுதி, வெயில், தலையில துண்டு, கையில புளிசாதப் பொட்டலம். கார் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துடும். மாமா மெக்கானிக். கண்ணை மூடிக்கிட்டு, "ஒரு சிலிண்டர் சரியா எரியலடா"ம்பார். ரெண்டு சுத்துல அந்த வண்டி ஓரங்கட்டும்!

பெரிய பணக்காரங்க வெளிநாட்டு வண்டி கொண்டு வருவாங்க. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரே ஓட்டினார். கூட்டம் அதைப் பார்க்கும். மாமா பார்க்கிறது ஃபியட்டை. சீட்டெல்லாம் கழட்டி, எடை குறைச்சு, நம்ம ஊர் பட்டறையில தயாரான வண்டி.

"நீங்க ஏன் மாமா ஓட்டல?"ன்னு கேட்டேன்.

"ஓட்டக் கையும் காலும் போதும்டா. அங்க போய் நிக்கத்தான் காசு வேணும்."

அந்தக் காசுப் பிரச்சினையில கை வெச்சவர் கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 இன்ஜினை வெச்சு சின்ன ரேஸ் கார் செஞ்சார். அதுதான் ஃபார்முலா மாருதி. தெருவுல ஓடுற வண்டியோட இன்ஜின், அதனால செலவு குறைஞ்சது. ஆனா அதுக்குள்ள மாமாவுக்கு நாப்பது தாண்டிடுச்சு, ரெண்டு பொண்ணுங்க படிச்சிட்டிருந்தாங்க.

1990-ல இருங்காட்டுக்கோட்டையில நிஜமான டிராக் வந்தது. நரேன் கார்த்திகேயன் ரேஸை ஆரம்பிச்சது ஃபார்முலா மாருதியிலதான். 2005-ல அவர் ஃபார்முலா ஒன் போனப்போ, டிவி முன்னாடி மாமா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "சத்தத்தைக் கூட்டுடா."

ரேஸ் பணக்காரங்க விளையாட்டுன்னு சொல்வாங்க. இன்னிக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனா அந்த வண்டிகளுக்கு அடியில படுத்து வேலை பார்த்தவங்க பேரு எந்தக் கோப்பையிலயும் இல்ல. உங்க வீட்ல யாராவது சோழவரம் போயிருந்தா, அவங்க கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்ந்து கேட்போம்.