பீக்கன் தெருவின் பேச்சுக்கலைக் கல்லூரி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பார்க் ஸ்ட்ரீட் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து மேலேறி வெளியே வந்தால், இடப்பக்கம் பழைய பூங்காவான பாஸ்டன் காமன். மேட்டின் உச்சியில் பொன் வேய்ந்த குவிமாடத்தோடு மாநிலச் சட்டமன்றம். அதற்கு முன்னால் ஓடுவது பீக்கன் தெரு. 1870களில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் பேச்சுக்கலைக் கல்லூரி இந்தத் தெருவில்தான் நடந்தது.

மைக் இல்லாத காலம். பாதிரியாரோ வக்கீலோ, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசத் தெரியாவிட்டால் பிழைப்பு நடக்காது. மூச்சுப் பயிற்சி, குரல் பயிற்சி, உரக்கப் படித்தல் என்று எல்லாவற்றையும் முறையாகக் கற்றுக்கொடுத்தவர் தலைவர் லூயிஸ் மன்றோ. பெண்களும் சேர்ந்து படித்தார்கள்.

1873இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்த ஓர் இளைஞர் குரல் பிறக்கும் விதத்தைப் பாடமாக நடத்தினார். அவர் தந்தை வகுத்த ‘காணும் பேச்சு’ என்ற எழுத்துமுறையில், ஒவ்வொரு குறியும் நாக்கும் உதடும் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்று காட்டும் சிறு கோட்டுப்படம். வளைவு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதை வைத்தே நாக்கின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம். காது கேளாத பிள்ளைகளைப் பேசவைக்க அவர் இதையே நம்பினார். 1875இல் ஆராய்ச்சிக்காக ஓராண்டுச் சம்பளத்தைப் பல்கலைக்கழகம் முன்பணமாகக் கொடுத்தது. அடுத்த ஆண்டு மார்ச் 10ஆம் தேதி அவர் குரல் கம்பி வழியே பக்கத்து அறைக்குப் போனது. அவர்தான் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்!

1879இல் மன்றோ காலமானார். கல்லூரியும் மூடப்பட்டது. ஒரே மனிதரை நம்பி நின்றதுதான் அதன் பலவீனம் என்று தோன்றுகிறது.

ஆனால் அவருடைய மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. அங்கே படித்துப் பட்டம் பெற்ற அன்னா பாரைட், அதே 1879இல் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். பிரசங்கத்தில் குரல் போய், அதை மீட்கும் வழி தேடி அலைந்த சாமுவேல் சைலஸ் கர்ரியை அவர் மணந்துகொண்டார். அந்தப் பள்ளிதான் பாஸ்டனை அடுத்த மில்டனில் இன்று கர்ரி கல்லூரியாக இயங்குகிறது. பெல் அதற்கு வேந்தராகவும் இருந்தார்.

இன்னொரு மாணவர் சார்லஸ் வெஸ்லி எமர்சன். 1880இல் 10 மாணவர்களோடு பள்ளி தொடங்கி, மறு ஆண்டே அதற்கு ஆசிரியர் மன்றோவின் பெயரைச் சூட்டினார். இன்று அது எமர்சன் கல்லூரி. காமனின் ஓரத்தில், டிரீமாண்ட் தெருவும் பாய்ல்ஸ்டன் தெருவும் சேரும் முனையில் இருக்கிறது. பேச்சும் நாடகமும் ஊடகமும் அங்கே இன்றும் பாடங்கள்.