வண்டி இப்போது எந்த எண்ணில் இருக்கிறது?



புது வண்டிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு, டெலிவரி எப்போது என்று ஷோரூமுக்குப் போன் மேல் போன் போட்டவர்கள் இந்த உரையைக் கேட்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அன்றாடத் தேவைக்கு வாங்கும் வண்டிக்கே மனம் அப்படித் தவிக்கிறது. வாழ்நாளில் ஒன்றாவது நம் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பணம் சேர்த்து, புக் செய்த ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் செவ்ரோலெட் கார்வெட் என்ற காரின் எட்டாம் தலைமுறைக்காக ஆயிரக்கணக்கானோர் அப்படிக் காத்திருந்தார்கள். அவர்களுடைய காத்திருப்பைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

2019 ஜூலை 18. கலிபோர்னியா மாநிலத்தின் டஸ்டின் நகரில், ஒரு காலத்தில் ராணுவ வான்கப்பல்களை நிறுத்தி வைத்திருந்த பிரம்மாண்டமான பழைய கொட்டகை ஒன்றில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அந்தக் காரை அறிமுகப்படுத்தியது. 1953 முதல் அதுவரை விற்பனைக்கு வந்த ஒவ்வொரு கார்வெட்டிலும் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால்தான் இருந்தது. இந்தக் காரில் அது ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. 6.2 லிட்டர் வி8 எஞ்சின். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தக்க கருவிகளோடு மூன்று வினாடிக்குள் எட்டிவிடும். எஞ்சினை நடுவில் வைத்த பெயர்பெற்ற இத்தாலியக் கார்களின் விலை இதைப்போல மூன்று மடங்குக்கு மேல். இதன் தொடக்க விலையோ 60,000 டாலருக்குள் என்று மேடையில் அறிவித்தார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. டீலர்களிடம் புக்கிங் குவிந்தது.

இந்தக் காருக்காக ஏங்கியவர்களில் முதல் மனிதர் சோரா ஆர்கஸ்-டண்டோவ். ரஷ்யப் பெற்றோருக்கு 1909-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்த பொறியாளர். 1953 ஜனவரியில் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் நடந்த கண்காட்சியில் முதல் கார்வெட்டைப் பார்த்தார். அதன் அழகு அவரைக் கட்டிப்போட்டது. அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தால் எடை பின்சக்கரங்களின் மேல் நன்றாக இறங்கும், சக்கரம் சாலையை இறுகப் பிடிக்கும், வண்டி வளைவில் சொன்னபடி கேட்கும் என்பது அவருடைய உறுதி. அதைக் காட்ட 1960-லேயே ஒரு சோதனைக் காரைச் செய்து ஓட்டியும் காட்டினார். பிறகும் பல மாதிரிகள் வந்தன. எதுவும் விற்பனைக்கு வரவில்லை. 1975-ல் ஓய்வு பெற்றார், 1996-ல் காலமானார். கென்டக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீன் நகரில் கார்வெட் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவருடைய அஸ்தியை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். அவர் ஆசைப்பட்ட கார் இப்போது அந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் தயாராகிறது.

சரி, புக் செய்தவர்களிடம் வருவோம். அமெரிக்காவில் இந்தக் காரைக் கம்பெனியிடம் நேராக வாங்க முடியாது, டீலர் வழியாகத்தான் வாங்க வேண்டும். அந்த டீலர்கள் தனித்தனி வியாபாரிகள். யாருக்கு எத்தனை கார் என்பதைக் கம்பெனி ஒதுக்கீடு செய்கிறது. முன்பு கார்வெட்டை அதிகம் விற்றவருக்கு அதிக ஒதுக்கீடு, குறைவாக விற்றவருக்குக் குறைவு. ஆகவே ஒரே நாளில் பணம் கட்டிய இருவரில், பெரிய டீலரிடம் கட்டியவருக்குச் சில மாதங்களில் கார் வரலாம். சின்ன ஊர் டீலரிடம் கட்டியவர் ஆண்டு முழுக்கக் காத்திருக்க நேரலாம்.

ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு நிலை எண் ஓடுகிறது. 1100 என்றால் டீலர் ஆர்டரைப் பதிந்துவிட்டார். 2000 என்றால் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 3000 என்றால் உற்பத்திப் பிரிவு கையில் எடுத்துவிட்டது. அதன்பிறகு நிறத்தையோ இருக்கையையோ மாற்றச் சொன்னால் பொதுவாக நடக்காது. 3300-ல் எந்த வாரம் தயாராகும் என்பது முடிவாகிறது. 3400-ல் இந்தக் காருக்கு இன்னின்ன பாகங்கள் வேண்டும் என்ற உத்தரவு உற்பத்தி வரிசைக்குப் போய்விடுகிறது. 3800 என்றால் கார் தயார். 4200 என்றால் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டுவிட்டது. 5000 என்றால் டீலரிடம் வந்து இறங்கிவிட்டது. கடைசியாக 6000. அன்றைக்குச் சாவி வாடிக்கையாளர் கையில்.

இந்த எண்களைக் காத்திருந்தவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். இரண்டு கார்வெட் பிரியர்கள் சந்தித்தால் நலம் விசாரிப்பதுபோல முதலில் கேட்பது, “உங்கள் வண்டி எந்த எண்ணில் இருக்கிறது?” என்பதுதான். எண் 3000-லிருந்து 3300-க்கு நகர்ந்தால் அன்று முழுக்க மகிழ்ச்சி. வாரக் கணக்கில் நகராவிட்டால், ஏன் என்று தெரியாமல் மனம் அலையும். எண் நிற்பதைத் தாங்கிக்கொள்ளலாம், காரணம் தெரியாமல் நிற்பதுதான் கஷ்டம். காத்திருக்கும் யாருக்கும் இது பொருந்தும்.

2019 செப்டம்பர் 16 அன்று எல்லா எண்களும் ஒரேயடியாக நின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் அமெரிக்கத் தொழிலாளர்கள் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அக்டோபர் 25 வரை, 40 நாட்கள் நீடித்த போராட்டம் அது. புதிய காரின் உற்பத்தியை அந்த ஆண்டின் இறுதியிலேயே தொடங்குவதாகத் திட்டம். ஆனால் ஏழாம் தலைமுறைக் கார்களுக்கு ஏற்கெனவே வாங்கியிருந்த ஆர்டர்களை முடித்தால்தான் அதே வரிசையில் புதிய காரை ஏற்ற முடியும். வேலைநிறுத்தத்தால் பழைய காரின் வேலை நவம்பர் வரை இழுத்தது. புதியது 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.

புக் செய்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். கார்வெட் வாங்குகிறவர்களில் ஓய்வு பெறும் வயதை எட்டியவர்கள் நிறைய. அந்த வயதில் சில மாதங்கள்கூடச் சிறிய காலமல்ல. ஆனாலும் தொழிலாளர்கள் கேட்டது என்ன என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் செய்யும் அதே வேலையைச் செய்துகொண்டு, ஆண்டுக்கணக்காகத் தற்காலிகப் பணியாளர் என்ற பெயரிலேயே குறைந்த கூலி வாங்கியவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களை நிரந்தரமாக்க ஒரு வழி வேண்டும் என்பது போராட்டத்தின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. அந்த வழி ஒப்பந்தத்தில் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முழுக் கூலியை எட்ட ஆகும் காலமும் எட்டு ஆண்டிலிருந்து நான்காகக் குறைந்தது.

என் கருத்தைச் சொல்கிறேன். நாம் ஆசைப்படும் பொருளைச் செய்கிற கைகள் நியாயம் கேட்டு நிற்கும்போது, அதற்காக 40 நாள் காத்திருப்பது நஷ்டக் கணக்கில் சேராது. கண்ணாடிபோல மின்னும் பெயின்டையும், தையல் பிசகாத இருக்கையையும் நாம் எதிர்பார்க்கிறோம். அதைத் தருகிறவருக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்ற கவலை இருக்கக் கூடாது. காருக்காகக் காத்திருப்பவர் அவருக்காகவும் காத்திருக்கலாம்.

2020 பிப்ரவரி 3-ஆம் தேதி உற்பத்தி தொடங்கியது. முதல் கார்கள் மார்ச்சில் வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர ஆரம்பித்தன. அதே மார்ச்சில் கொரோனா வந்து கதவைச் சாத்தியது. தொழிற்சாலை மூடப்பட்டு, மே மாதக் கடைசியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஆண்டு மாடலாக மொத்தம் 20,368 கார்களே தயாராயின. எண் முன்னேறாமல் நின்றிருந்த பலருடைய புக்கிங் 2021 மாடலுக்கு மாறியது.  2021 டிசம்பர் 11 அன்று விடிவதற்கு முன் பவுலிங் கிரீனைச் சூறாவளி தாக்கியது. அந்த வட்டாரத்தில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தொழிற்சாலைக் கூரையில் தீப்பற்றியது. பாதியும் முழுதுமாக உருவாகியிருந்த 122 கார்களை நசுக்கி அழிக்க வேண்டியதாயிற்று. வீடிழந்து நின்ற ஊரில் கார் தாமதமாவதைப் பெரிதாகப் பேச யாருக்கும் வாய் வராது.

வேலைநிறுத்தம், நோய், புயல். இந்த மூன்று தாமதத்துக்கும் காரணம் வெளியே தெரிந்தது. தெரிந்ததால் மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாத ஒன்றும் இருந்தது.

அமெரிக்காவில் புதிய கார் ஒவ்வொன்றின் ஜன்னல் கண்ணாடியிலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இது. காரின் விலை என்ன, கூடுதல் கருவிகளுக்கு எவ்வளவு, கொண்டுவரும் செலவு எவ்வளவு என்று அந்தச் சீட்டில் தனித்தனியாக இருக்கும். வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்பதற்காக வந்த நல்ல சட்டம். ஆனால் அந்த விலை கம்பெனியின் பரிந்துரைதான். டீலர் அதற்கு மேலும் கேட்கலாம், சட்டம் தடுக்காது. கார்வெட்டுக்குத் தட்டுப்பாடு வந்ததும், பக்கத்தில் இன்னொரு சீட்டை ஒட்டிப் பல்லாயிரம் டாலர் கூடுதலாகக் கேட்ட டீலர்கள் இருந்தார்கள். காரை வாங்கிய கையோடு லாபத்துக்கு மறுவிற்பனை செய்தவர்களும் இருந்தார்கள்.

சீட்டு விலைக்கே தருவேன் என்று சொல்லி அப்படியே தந்த டீலர்களும் உண்டு. அவர்களிடம் பட்டியல் நீளமாக இருந்தது, ஆனால் முதலில் வந்தவருக்கு முதலில் கிடைத்தது. ஒருவர் மாதக்கணக்காகப் பொறுமையாக நிற்கிறார். நேற்று வந்த இன்னொருவர் கூடுதல் பணத்தை நீட்டிக் காரை ஓட்டிக்கொண்டு போகிறார். அப்படியானால் முதலாமவர் கட்டிய அட்வான்ஸுக்கும் கொடுத்த காலத்துக்கும் என்ன மதிப்பு? வரிசையில் நிற்பவர் தருவது காலம். செலவழித்தால் திரும்பி வராத ஒன்று அது. ஆகவே காலம் கொடுத்தவரைப் பணம் கொடுத்தவர் முந்தக் கூடாது என்று நான் அழுத்தமாகச் சொல்வேன்.

கம்பெனியும் இதை உணர்ந்தது. வாடிக்கையாளரிடம் இப்படி நடந்துகொள்ளும் டீலரின் ஒதுக்கீட்டை வேறு பக்கம் திருப்புவோம் என்று 2022 ஜனவரியில் டீலர்களுக்குக் கடிதம் எழுதி எச்சரித்தது. இதே குடும்பத்தின் இன்னும் வேகமான இசட்06 கார் வந்தபோது, ஓராண்டுக்குள் அதை விற்றால் சில வாரன்டிகள் அடுத்தவருக்குப் போகாது என்று அறிவித்தது. ஓராண்டு வைத்திருப்பவருக்குப் பரிசுப் புள்ளிகளும் கொடுத்தது. கடைசிவரை வரிசையில் நின்றவருக்கு மரியாதை செய்யும் முயற்சி என்ற வகையில் இதை வரவேற்க வேண்டும்.

இத்தனையும் தாண்டி எண் 5000 ஆகிறது. காரை ட்ரக்கில் ஏற்றி வந்து டீலரின் முற்றத்தில் இறக்குகிறார்கள். அன்றே சாவி கிடைத்துவிடாது. மெக்கானிக் ஒருவர் காரைச் சுற்றிவந்து வழியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். டயர் காற்று, பேட்டரி, பிரேக், எண்ணெய் அளவு எல்லாவற்றையும் சோதிப்பார். பாதுகாப்புக்காக ஒட்டிய பிளாஸ்டிக் உறைகளை உரிப்பார். இன்னொரு வழியும் இருக்கிறது. தொழிற்சாலைக்குப் பக்கத்து அருங்காட்சியகத்திலேயே காரைப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு. அதற்குத் தனிக் கட்டணம். கூடத்தில் தன் கார் மற்றவர்கள் பார்வைக்கு நிற்பதைக் கண்டு, பிறகு அதில் ஏறி வீட்டுக்கு ஓட்டிப் போவதற்காகப் பல நூறு மைல் பயணம் செய்து வருகிறவர்கள் உண்டு.

சாவி கைக்கு வந்தாலும் அவசரப்படக் கூடாது. முதல் 500 மைல் வரை எஞ்சினை முழு வீச்சில் சுழற்றாமல் நிதானமாக ஓட்ட வேண்டும் என்பது கையேட்டின் அறிவுரை. பிஸ்டனும் பற்சக்கரங்களும் ஒன்றோடொன்று பழக அவகாசம் வேண்டும். இவ்வளவு காலம் காத்திருந்தவர்களுக்கு இந்த 500 மைல் பாரமாக இருப்பதில்லை.

நேயர்களே, விற்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். காராக இருக்கட்டும், கட்டிலாக இருக்கட்டும், அட்வான்ஸ் வாங்கிய நாளிலிருந்து நீங்கள் ஒருவருடைய காலத்துக்குப் பொறுப்பாளி ஆகிறீர்கள். தாமதமானால் காரணத்தை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். சொன்ன விலையில் நில்லுங்கள். முன்னால் நிற்பவரை முன்னாலேயே அனுப்புங்கள். வாங்குகிற இடத்தில் இருக்கும் நாம், தாமதத்தின் மறுமுனையில் ஒரு தொழிலாளி இருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக் கேள்வி கேட்போம். இரு பக்கமும் இப்படி நடந்துகொண்டால், எவ்வளவு நீண்ட காத்திருப்பும் மனக்கசப்பில்லாமல் முடியும்.