ஏரிக்கு மேலே பாருங்கள்



கொடைக்கானல் ஏரியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். அதன் அழகைப் பாட ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் அதன் தண்ணீரைப் பற்றியும், அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சேற்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

மதுரையில் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் இங்கே கரை கட்டினார். ஓடைகள் தேங்கின, பள்ளம் நிறைந்தது, ஏரி பிறந்தது. நட்சத்திர வடிவம் என்று வாழ்த்து அட்டைகளில் அச்சடிக்கிறோமே, அந்த நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனையும் நீரில் மூழ்கிய ஒரு பள்ளத்தாக்கு. அதன் தலைமாட்டிலிருந்து இன்றும் தண்ணீர் இறங்கி வருகிறது. எங்கிருந்து வருகிறது, எதைச் சுமந்து வருகிறது என்பதுதான் ஏரியின் தலையெழுத்து. கரையில் நின்று ஏரியைப் பார்க்கிறவர்கள், தயவுசெய்து ஒருமுறை திரும்பி நின்று மேட்டைப் பாருங்கள்.

நீர்ப்பரப்பு ஏறக்குறைய 60 ஏக்கர். சராசரி ஆழம் 3 மீட்டர் அளவுதான். கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டரைத் தாண்டிய இடம். இந்த மூன்றையும் சேர்த்து யோசித்தால் ஏரியின் உடம்பு எவ்வளவு மெலிந்தது என்று புரியும். ஐரோப்பாவின் மலை ஏரிகள் பல பனிக்காலத்தில் உறைந்துவிடும். பாசியின் வளர்ச்சி அடங்கிவிடும். வெப்பமண்டல மலை ஏரிக்கு அந்த ஓய்வு கிடையாது. மார்கழியில் புல்லில் உறைபனி படிந்தாலும் ஏரியில் வெயில் விழுந்துகொண்டே இருக்கிறது. உரச்சத்து கிடைத்தால் பாசி பன்னிரண்டு மாதமும் வளரும். பகலில் அது பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். செத்து அடியில் விழுந்தபின் அழுகுவதற்கும் பிராணவாயு வேண்டும். இங்கேயோ காற்றழுத்தம் குறைவு. ஒரே வெப்பநிலையில், சமவெளித் தண்ணீரில் கரையும் பிராணவாயுவில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் இந்த உயரத்தில் கரையும். கையிருப்பே குறைவு, அதற்குள் செலவை ஏற்றிக்கொண்டே போனால் மீன் எதை மூச்சாக இழுக்கும்?

மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலா நாட்டில், அட்டிட்லான் என்று ஒரு ஏரி இருக்கிறது. எரிமலைகள் சூழ்ந்தது, 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், ஆழம் 300 மீட்டருக்கும் அதிகம். உலகத்திலேயே அழகான ஏரி என்று எழுதியவர்கள் உண்டு. 2009ஆம் ஆண்டின் கடைசியில் அதன் பரப்பில் கணிசமான பகுதி பச்சை, பழுப்புப் படலமாக மாறியது. சுற்றியிருந்த ஊர்களின் சாக்கடையும், சரிவு வயல்களின் உரமும், அரித்து வந்த மண்ணும் ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கியிருந்தன. 300 மீட்டர் ஆழமுள்ள ஏரியே அப்படிக் கெட்டது என்றால், 3 மீட்டர் ஏரியை வைத்துக்கொண்டு நாம் எந்தத் தைரியத்தில் இருக்கிறோம்?

இந்த மலையின் பழைய ஏற்பாடு அருமையானது. மேட்டில் புல்வெளி, மடிப்பில் சோலை, அடியில் சதுப்பு. பஞ்சு போல மழையை வாங்கி வைத்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விட்ட ஏற்பாடு அது. புல்வெளியைத் தரிசு என்று நினைத்தார்கள். சீகையும் யூகலிப்டஸும் பைனும் நட்டார்கள். இதன் விளைவை அறிய, நீலகிரியில் க்ளென்மார்கன் பகுதியில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு நீர்ப்பிடிப்புகளை அருகருகே வைத்துப் பல ஆண்டுகள் அளந்தார்கள். ஒன்றில் புல்லும் சோலையும் அப்படியே இருந்தன. மற்றதில் யூகலிப்டஸ் நட்டார்கள். மரம் நட்ட பக்கம் ஓடை இளைத்தது. மழையில்லாத மாதங்களிலும் இளைத்தது. மரம் என்றாலே நன்மை என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். எந்த மரம், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தாருங்கள், ஆசிரியப் பெருமக்களே.

ஓடை இளைக்கும்போது அதில் கலக்கும் சாக்கடையின் அடர்த்தி கூடும். லாட்ஜும் காட்டேஜும் சரிவில் ஏறிக்கொண்டே போகின்றன. நன்றாகக் கட்டாத கழிவுநீர்த் தொட்டி, பாறையும் சரிவுமான இந்த மண்ணில் வெகுநாள் அடைபட்டுக் கிடக்காது. அடுத்த மழையில் அது ஓடைக்கு வந்துவிடும். ஓடை ஏரிக்கு வந்துவிடும்.

இனி சேற்றுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

இந்த ஊரில் பாதரச வெப்பமானி ஆலை ஒன்று 1980களில் தொடங்கி 2001 வரை இயங்கியது உங்களுக்குத் தெரியும். பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் பழைய இரும்புக் கடையில் கிடந்ததைக் கண்டுபிடித்து வெளிக்கொண்டுவந்தவர்கள் இந்த ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும்தான். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் தொடர்பாக ஆலை நிறுவனத்தோடு உடன்பாடு 2016இல்தான் வந்தது. பதினைந்து ஆண்டுகள் சளைக்காமல் நின்ற அந்தக் குடும்பங்களுக்கு இந்த மேடையிலிருந்து என் வணக்கம். ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்து விஞ்ஞானிகள் நம் ஏரியின் நீரையும் சேற்றையும் மீனையும் சோதித்து 2006இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்றிலும் பாதரசம் இருந்தது. அவர்களின் இன்னொரு ஆய்வில், ஏரிக்கரை மரப்பாசியில் இருந்த அளவு, தொலைவில் உள்ள பேரிஜம் ஏரிப் பக்கத்து மரப்பாசியில் இருந்ததைவிட மிக அதிகம். பாதரசம் காற்றேறியும் வந்திருக்கிறது.

சேற்றில் இருக்கும் பாதரசம் எப்போது அதிக ஆபத்தானது? பிராணவாயு அற்ற சேற்றில் சில நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும்போது. அந்த வடிவில்தான் அது பூச்சிக்குள் போய், சிறு மீனுக்குள் போய், பெரிய மீனுக்குள் சேர்ந்து, தட்டுக்கு வருகிறது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வரைக்கும் போகக்கூடியது. சரி, சேற்றில் பிராணவாயுவைத் தீர்ப்பது எது? நாம் அனுப்பும் சாக்கடை. ஆலையின் பாவம் வேறு, ஊரின் அசிரத்தை வேறு என்று நாம் பிரித்துப் பேசி வந்தோம். ஏரியின் அடியில் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன.

ஆகவே வேலையின் வரிசை மாற வேண்டும். ஏரி என்றதும் நமக்குத் தோன்றுவது நடைபாதை, வேலி, விளக்கு, படகுத்துறை. அதற்கு அடுத்தபடி தூர்வாருதல். சமவெளிக் கண்மாயில் தூர்வாருவது நல்ல காரியம். அந்த வண்டலை வயலுக்கே போடலாம். இங்கே சேற்றைச் சோதிக்காமல் இயந்திரத்தை இறக்கினால், அடங்கிக் கிடக்கும் பாதரசத்தைக் கலக்கிவிட்டவர்களாவோம். அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கும் பதில் இருக்காது. கேரட் தோட்டத்திலா? பூண்டு வயலிலா? முதலில் ஓடைகள். பிறகு சேற்றுப் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் தூர்.

சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர் இது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற உத்தரவால் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது பலருக்கு வருத்தம் இருந்தது. எத்தனை வண்டி ஏறுகிறது என்று எண்ணத் தொடங்கியதே நல்ல தொடக்கம் என்று நான் நினைக்கிறேன். வண்டியை எண்ணுகிற ஊர் தன் ஓடையையும் அளக்கட்டும்.

தலைவர் அனுமதித்தால் ஒரு தீர்மானத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். ஏரிக்குள் விழும் ஒவ்வொரு ஓடையின் வாயிலும் மாதம் ஒருமுறை நீரைச் சோதித்து, முடிவைப் படகுத்துறையில் தமிழில் பலகை எழுதி வைக்க வேண்டும். ஏரி மீனில் பாதரச அளவை ஆண்டுதோறும் பரிசோதித்து வெளியிட வேண்டும். நீர்ப்பிடிப்புச் சரிவில் உள்ள விடுதி ஒவ்வொன்றின் கழிவு எங்கே போகிறது என்ற பட்டியல் நகராட்சி அலுவலகத்தில் யார் கேட்டாலும் பார்க்கக் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் நடைமுறைக்கு வந்து, சேற்றையும் சோதித்து முடிக்கும்வரை ஏரியில் தூர்வாரும் பணி எதையும் தொடங்கக் கூடாது.

இதை நான் முன்மொழிகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் மேடைக்கு வந்து பேசுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன். வழிமொழிகிறவர்கள் எழுந்து நின்று, எந்தத் தெரு, எந்த ஊர் என்று சொல்லுங்கள், செயலாளர் எழுதிக்கொள்வார்.