அந்தப் பதிவேட்டை எழுதுவது யார்?



என் அண்ணனுக்கு இப்போது 41 வயது. 22 வயதில் சுடுகாட்டுப் பாதைத் தகராறில் அவர்மீது ஒரு வழக்கு. நீதிமன்றம் விடுவித்துவிட்டது. காவல் நிலையம் விடுவிக்கவில்லை. அங்கே அவர் பெயரில் ஒரு ‘சரித்திரப் பதிவேடு’ இருக்கிறது. தேர்தல் வந்தாலும், ஊர்த் திருவிழா வந்தாலும், அம்பேத்கர் பிறந்தநாள் வந்தாலும் அவரைத் தேடி ஆள் வரும். நன்னடத்தைப் பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எப்போது பெயரைச் சேர்த்தார்கள், எதற்காக நீட்டிக்கிறார்கள் என்று எங்களுக்கு ஒரு தாள்கூட வந்ததில்லை. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அம்மா, அண்ணன் சட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1871 குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பை வைத்தே மக்களைப் பதிவேட்டில் ஏற்றியது. அந்தச் சட்டம் போய்விட்டது. அந்தப் பார்வை போகவில்லை. 2024 மே மாதம், அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைப் பேசியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பின்தங்கியோர் என்பதாலேயே சிலர் பெயர் இயந்திரத்தனமாக இந்தப் பதிவேடுகளில் ஏறுகிறது என்பதைக் கவனத்தில் எடுத்தது. எல்லா மாநிலங்களும் தங்கள் விதிகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது.

சரி, மறுபரிசீலனை என்றால் யாரைக் கேட்டு? எழுதுகிறவரும் காவல்துறை, சரிபார்க்கிறவரும் காவல்துறை என்றால் என் அண்ணன் எங்கே போய்ப் பேசுவார்?

சாத்தான்குளத்தை மறக்க முடியுமா? 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் கொல்லப்பட்டார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்தின் கேமரா பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில், வேறொரு வழக்கில், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்மைக் குற்றவாளியாக்கும் பதிவு இருபது ஆண்டு அழியாது. அவர்கள் அடிப்பதைக் காட்டும் பதிவு ஒரே நாளில் அழிந்துவிடும். இதுதான் தோழர்களே, பதிவேட்டில் இருக்கும் சாதி.

கண்காணிப்பும் அப்படித்தான். 2006 பிரகாஷ் சிங் தீர்ப்பு, காவல்துறை மீதான புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்றது. நம் மாநிலத்தின் 2013 சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டிஜிபியை உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் தலைவர் கலெக்டர், கூடவே எஸ்பி. அடித்தவரின் மேலதிகாரியிடமே புகார் சொல்ல எந்தச் சேரிப் பெண் துணிந்து போவார்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி) பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அதுபற்றிய விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. அதைப் பிடித்துக் கேட்போம். வரைவு விதியைத் தமிழில் வெளியிடுங்கள். சேரியிலும் குறவர் குடியிருப்பிலும் அதைப் படித்துக் காட்டுங்கள். பெயர் சேர்த்தால் எழுத்தில் தெரிவியுங்கள். மறுப்புச் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். வழக்கில் விடுதலையானால் ஏட்டை மூடுங்கள். ஆண்டுதோறும் வெளியாள் ஒருவர் அதைச் சரிபார்க்கட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். 2024 தீர்ப்புக்குப் பிறகு விதியில் என்ன மாற்றினீர்கள் என்று ஆளுக்கொரு மனு போடுங்கள். எங்கள் அண்ணனிடம் கையெழுத்து வாங்கியது போதும். இனி நாம் கையெழுத்துப் போட்டுக் கேள்வி அனுப்புவோம்.

ஜெய்பீம்.