சொல் கற்போம், ஒலி கற்போம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கணக்கு வருகிறது, அறிவியலும் வருகிறது, ஆங்கிலம் மட்டும் ஏன் வரவில்லை?" என்பதே அது. அக்கேள்விக்குப் பின்னால் சொல்லப்படாத அச்சம் ஒன்று ஒளிந்திருக்கிறது. நமக்கு அது வராது போலும் என்னும் அச்சமே அது. இன்று அந்த அச்சத்தைப் பற்றித்தான் பேச விழைகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். 'தீர்மானித்தல்' என்னும் பொருளுடைய 'டிடெர்மின்' என்ற சொல்லை அவர் 'டிட்டர்மைன்' என ஒலித்தார். எதிரே அமர்ந்திருந்தோர் சிரித்துவிட்டனர். ஊர் திரும்பிய அவர் பல மாதங்கள் வரை ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசினாரில்லை. அவரை அருகழைத்து அமரவைத்து, அவர் செய்த பிழைதான் என்ன என்று ஆராய்ந்தோம். கோட்டைக் குறிக்கும் 'லைன்', சுரங்கத்தைக் குறிக்கும் 'மைன்', அபராதத்தைக் குறிக்கும் 'ஃபைன்', ஒன்பதைக் குறிக்கும் 'நைன்' ஆகிய எல்லாச் சொற்களும் அதே மூன்று எழுத்துகளில்தான் முடிகின்றன. அவற்றிலிருந்து ஒரு விதியைக் கண்டு, அதனைப் புதிய சொல்லுக்கும் பொருத்தினார் நம் மாணவர். அவருடைய அறிவு தவறவில்லை. அச்சொல்லை அவர் காதால் கேட்டதில்லை என்பது ஒன்றே குறை. இரயில் 'என்ஜின்' என்ற சொல்லும் அதே எழுத்துகளில்தான் முடிகிறது. ஆனால் அதனை 'என்ஜைன்' என்று நம் சேரியில் எவரும் சொல்வதில்லை. ஏன்? அச்சொல் நமக்கு ஏட்டின் வழியாக வரவில்லை, காதின் வழியாக வந்தது.

ஆங்கிலம் புழங்கும் வீட்டில் பிறந்தவர் சொற்களைக் காதால் பெறுகின்றனர். நாம் கண்ணால் பெறுகிறோம். வேறுபாடு இவ்வளவுதான். இது பிறப்பின் குறையுமன்று, மூளையின் குறையுமன்று. வாய்ப்பின் குறை. வாய்ப்பின் குறையை முயற்சியால் நிரப்பலாம்.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் பயின்றபோது சமஸ்கிருதம் கற்க விரும்பினார். தீண்டாமை அதற்குத் தடையாக நின்றமையால் பாரசீகத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டார். ஒரு மொழியின் கதவு அடைக்கப்பட்ட அதே சிறுவர் ஆங்கிலத்தின் கதவைத் திறந்துகொண்டு 1913ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பின்னர் இலண்டனில் பொருளாதாரத்தில் அறிஞர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக அமர்ந்து, நாடு முழுமைக்குமான சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டார். அதற்கும் முன்பே, 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் புலே, ஆங்கிலம் கற்குமாறு ஒடுக்கப்பட்டோரை வலியுறுத்தி மராத்தியில் கவிதை எழுதினார். இவர்கள் ஆங்கிலத்தை அணிகலனாகக் கருதவில்லை, கருவியாகக் கருதினர். நாமும் அவ்வாறே கருதுவோம். தாய்மொழியை இகழ்வதற்காக ஆங்கிலம் கற்கவேண்டியதில்லை. தமிழில் தெளிவாகச் சிந்திப்பவனுக்கே பிறமொழியும் தெளிவாக வசப்படும்.

முதலாவதாகப் பொருளைப் பற்றிக் கூறுவோம். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று மனப்பாடம் செய்வது நம்மிடையே உள்ள வழக்கம். அது போதாது. 'அப்பீல்' என்பது வேண்டுகோளையும் குறிக்கும், நீதிமன்றத்தில் செய்யும் மேல்முறையீட்டையும் குறிக்கும். 'சாங்ஷன்' என்றால் உதவித்தொகைக்கு அளிக்கும் ஒப்புதல் என்று அறிவோம். ஆனால் ஒரு நாட்டின்மீது விதிக்கப்படும் தண்டனைத் தடைக்கும் அதுவே பெயர். எழுத்து மாறாமலே ஒலியும் பொருளும் மாறும் சொற்களும் உண்டு. 'மினிட்' என்றால் நிமிடம். அதே எழுத்துகளை 'மைன்யூட்' என ஒலித்தால் மிக நுண்ணியது எனப் பொருள்படும். நம் சங்கத்தின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டுக்கு 'மினிட்ஸ்' என்று பெயர். ஆகவே ஒரு சொல்லைக் கற்கும்போது அது வரும் சொற்றொடரையும் சேர்த்தே கற்கவேண்டும். மனிதனை அவன் நண்பர்களைக் கொண்டு அறிவதுபோல், சொல்லை அதன் அண்டைச் சொற்களைக் கொண்டு அறியலாம்.

சொற்களுக்குக் குடும்பங்களும் உண்டு. இலத்தீன் மொழியில் 'போர்ட்டாரே' என்றால் சுமத்தல். இரயில் நிலையத்தில் மூட்டை சுமக்கும் 'போர்ட்டர்' அதன் பிள்ளை. உள்ளே கொண்டுவரும் 'இம்போர்ட்', வெளியே கொண்டுசெல்லும் 'எக்ஸ்போர்ட்', ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் 'டிரான்ஸ்போர்ட்', கீழிருந்து தாங்கும் 'சப்போர்ட்' ஆகியவை அதன் உடன்பிறப்புகள். ஒரு வேரை அறிந்தால் பத்துக் கிளைகள் கைக்கு எட்டும்.

சில வேர்கள் நம் வரலாற்றையே நமக்குச் சொல்கின்றன. 'ஸ்கூல்' என்ற சொல் கிரேக்க மொழியில் ஓய்வு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. உழைப்பிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கே கற்கும் பொழுது வாய்த்தது. நம் பாட்டன் பூட்டனுக்கு ஏன் பள்ளி வாய்க்கவில்லை என்பதற்கு அச்சொல்லே சான்று கூறுகிறது. ஓயாது உழைக்கவைக்கப்பட்டவர்களுக்கு ஓய்வு ஏது? ஓய்வில்லாதவர்களுக்குப் பள்ளி ஏது?

இலத்தீனில் 'மானுஸ்' என்றால் கை. கையால் எழுதிய படி 'மேனுஸ்கிரிப்ட்'. கையால் செய்யும் வேலை 'மேனுவல்'. மலத்தை மனிதன் கையால் அள்ளும் கொடுமைக்குச் சட்டம் வழங்கிய பெயரிலும் இந்த 'மேனுவல்' இருக்கிறது. அக்கொடுமையைத் தடைசெய்து 1993இலும் பின்னர் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இனி வியப்பைக் கேளுங்கள். விடுதலை என்னும் பொருளுடைய 'இமான்சிப்பேஷன்' என்ற சொல்லுக்குள்ளும் அதே கைதான் இருக்கிறது. உரோமானியர் வழக்கில், கையால் பற்றிய உரிமைப் பிடியிலிருந்து ஒருவரை வெளியே விடுவதே அச்சொல்லின் மூலப் பொருள். இழிவையும் விடுதலையையும் குறிக்கும் இரு சொற்கள் ஒரே வேரிலிருந்து முளைத்துள்ளன. இதை அறிந்த மாணவன் அவ்விரு சொற்களையும் வாழ்நாள் முழுதும் மறப்பானோ?

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்களும் உள. கட்டுமரம் 'காட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்னும் சூப்பாயிற்று. நம் முன்னோர் முழக்கிய பறையிலிருந்து வந்த இனப்பெயரோ ஆங்கில அகராதியில் 'பரையா' என்று ஏறி, ஒதுக்கித் தள்ளப்பட்டவர் என்னும் பொருளைத் தாங்கி நிற்கிறது. கடலையும் வணிகத்தையும் குறித்த சொற்கள் பொருளாகச் சென்றன, நம் பெயரோ வசையாகச் சென்றது. ஆனால் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் அதே பெயரைத் தாம் நடத்திய இதழுக்குச் சூட்டித் தலைநிமிர்ந்து நின்றார். சொல்லின் பொருளை எழுதுவோர் யார் என்பது ஒரு பெரிய கேள்வி. அகராதியைத் திறந்து படிக்கத் தெரிந்தவனே அதில் எழுதியிருப்பதை எதிர்த்து வாதிடவும் வல்லவனாவான்.

இரண்டாவதாக ஒலியைப் பற்றிக் கூறுவோம். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஏன் பொருந்துவதில்லை என்று நம் பிள்ளைகள் வருந்துகின்றனர். அதற்குக் காரணம் உண்டு. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இலண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்து நிலைபெற்றது. வாயிலுள்ள ஒலியோ தொடர்ந்து மாறிக்கொண்டே வந்தது. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல்லின் முதலில் நிற்கும் 'கே' என்ற எழுத்து ஒரு காலத்தில் ஒலிக்கப்பட்டதே. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் வாய் திறவாமல் நிற்கும் 'பி' என்ற எழுத்தோ என்றுமே ஒலித்ததில்லை. அது பிரெஞ்சிலிருந்து 'பி' இல்லாமல்தான் வந்தது. இலத்தீன் மூலத்தை நினைவூட்டப் புலவர்கள் அவ்வெழுத்தைப் பின்னாளில் செருகினர். பற்றுச்சீட்டைக் குறிக்கும் 'ரிசீட்' என்ற சொல்லிலும் அவ்வாறே ஓர் எழுத்து புகுந்தது. குலப்பெருமை காட்டச் சேர்த்த எழுத்துகள் இவை! அவற்றைப் படிக்கத் தடுமாறுவதில் நமக்கு வெட்கம் எதற்கு?

நம் தமிழின் இயல்பால் வரும் இடர்ப்பாடுகளும் சில உள. 'பல்', 'கம்பு' என்னும் இரு சொற்களிலும் எழுத்து ஒரே இனம்தான், ஆனால் ஒலி வேறு. முன்னது வன்மையாகவும் பின்னது அதிர்வோடும் ஒலிக்கின்றன. தமிழில் எழுத்து நிற்கும் இடமே ஒலியை முடிவு செய்வதால் பொருள் குழம்புவதில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே பொருளை மாற்றிவிடும். மேலங்கியும் 'கோட்', வெள்ளாடும் 'கோட்' என்றுதான் நாம் எழுதுகிறோம். மேலங்கியில் முதலொலி அதிர்வற்றது, ஆட்டில் அதிர்வுள்ளது. விலையும் 'பிரைஸ்', பரிசும் 'பிரைஸ்' என்கிறோம். விலையின் ஈற்றொலி பாம்பின் சீறல் போன்றது, பரிசின் ஈற்றொலி வண்டின் இரைச்சல் போன்றது. கழுத்தில் விரலை வைத்து இரண்டையும் ஒலித்துப் பாருங்கள். வண்டின் ஒலியில் தொண்டை அதிர்வதை விரலே காட்டிக்கொடுக்கும். ஆசிரியர் இல்லாத வேளையிலும் இந்த ஆசிரியர் நம்மிடம் உண்டு.

'எ' என்று தொடங்கும் சொற்களின் முன் நாம் அறியாமலே 'ய' ஒலியைச் சேர்த்துவிடுகிறோம். முட்டை 'யெக்' ஆகிறது. 'ஸ்கூல்' என்பதன் முன் 'இ' சேர்ந்து 'இஸ்கூல்' ஆகிறது. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்னும் இலக்கண மரபு நம் நாவில் ஊறியிருப்பதே இதற்குக் காரணம். காரணம் தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது.

ஒலியினும் இன்றியமையாதது அழுத்தம். தமிழில் அசைகளை ஏறத்தாழ ஒரே சீராக ஒலிக்கிறோம். ஆங்கிலத்திலோ ஒரு சொல்லில் ஓர் அசை ஓங்கி நிற்கும், பிற அசைகள் தாழ்ந்து ஒலிக்கும். நம் அரசியலமைப்பின் முகப்புரையில் உள்ள மூன்று சொற்களையே எடுத்துக்கொள்வோம். சுதந்திரம் என்னும் 'லிபர்ட்டி'யில் முதல் அசை ஓங்கும். சமத்துவம் என்னும் 'ஈக்குவாலிட்டி'யில் 'குவா' ஓங்கும். சகோதரத்துவம் என்னும் 'ஃபிரட்டர்னிட்டி'யில் 'டர்' ஓங்கும். 'ஷன்' என்று முடியும் சொற்களில் அதற்கு முந்திய அசையே ஓங்கும் என்பது பயனுள்ள விதி. 'எஜுகேஷ'னில் 'கே', 'கான்ஸ்டிட்யூஷ'னில் 'ட்யூ', 'ரிசர்வேஷ'னில் 'வே'. இவ்வொரு விதியே நூற்றுக்கணக்கான சொற்களுக்குச் சாவியாகும். அகராதியில் ஓங்கும் அசையின் முன் சிறு குத்துக்கோடு இட்டிருப்பர். அதனைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இனி, செய்ய வேண்டுவன யாவை? மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலக் கல்வி அறிஞர் 1953இல் வெளியிட்ட பட்டியல் ஏறக்குறைய 2000 அடிப்படைச் சொற்களைக் கொண்டது. நாளொன்றுக்கு 5 சொற்கள் கற்றால் 400 நாள்களில் 2000 சொற்கள் நம்முடையவை. ஒரு குறிப்பேட்டை நான்கு பத்திகளாகப் பிரியுங்கள். முதலில் சொல், அடுத்து ஒலியும் அழுத்தமும், மூன்றாவது பொருள், நான்காவது நாமே அமைத்த வாக்கியம். அவ்வாக்கியம் நம் தெருவையும் நம் வாழ்வையும் பற்றியதாக இருக்கட்டும். கற்ற சொல்லை மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் திரும்பப் பாருங்கள். ஒலியை அறிய இன்று கைப்பேசியிலுள்ள அகராதியே வாய்விட்டுச் சொல்லிக்காட்டுகிறது. முந்தைய தலைமுறைக்கு இல்லாத ஆசான் அது. கேட்டதோடு நில்லாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுங்கள். வெள்ளைக்காரரைப் போலப் பேசவேண்டியதில்லை. கேட்பவர் ஐயமின்றி உணருமாறு பேசினால் போதும்.

எத்தகைய சொற்களிலிருந்து தொடங்குவது? நம் வாழ்வோடு மோதும் சொற்களிலிருந்து தொடங்குவோம். சாதிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், நிலப்பட்டா, காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, ஆணையுறுதிப் பத்திரம் ஆகியவற்றில் வரும் ஆங்கிலச் சொற்களே நம் முதற்பாடம். என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே தாள்களில் கைநாட்டு வைத்தவர்கள் நம் முன்னோர். அந்நிலை நம் பிள்ளைகளோடு முற்றாக ஒழியவேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் மாலை வகுப்பில் ஒரே ஒரு சட்டம் இருக்கட்டும். பிழைக்கு ஒருவரும் சிரிக்கலாகாது. முதலில் கூறிய அந்த மாணவர் மீண்டும் வாய் திறந்தது யாரும் சிரிக்காத இடத்தில்தான். நம் வகுப்பின் மூலையில் அமர்ந்து, தம்மினும் சிறியவர்களோடு சேர்ந்து, 'என்ஜின், மெடிசின், டிசிப்ளின், டிடெர்மின்' என்று அவர் உரக்கச் சொன்ன அந்த மாலையை நாங்கள் மறக்கவில்லை. அடுத்த தேர்வுக்கு அவர் அச்சமின்றிச் சென்றார். பிழைபடப் பேசியவர் திருந்துவார், பேசாதிருந்தவர் எவ்வாறு திருந்துவார்?

ஆகவே, பேசுங்கள்! தவறிப் பேசுங்கள், திருத்திப் பேசுங்கள், மீண்டும் பேசுங்கள். இன்று இரவு வீடு சென்றதும் முதல் 5 சொற்களை எழுதுங்கள். 

வாழ்க அண்ணல் அம்பேத்கர்! வளர்க நம் கல்விப் பணி!