முந்த்ரா விவகாரமும் ஓர் அரசின் பொறுப்பும்

1957 ஜூன் மாதக் கடைசியில் இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம், கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் பிடியிலிருந்த ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ், ஜெஸ்ஸாப், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்செலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் என்பவை அந்த ஆறு. கழகம் பிறந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. கொடுத்த பணம் அரசாங்கத்தின் வரிப்பணம்கூட அல்ல. பள்ளி ஆசிரியரும் ரயில்வே குமாஸ்தாவும் சின்னக் கடைக்காரரும், தமக்குப் பின்னால் குடும்பம் தெருவில் நிற்கக்கூடாது என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்திய பிரீமியம் அது.

ஆயுள் காப்பீடு அரசின் கைக்கு வந்த காரணத்தை இங்கே நினைவுகூர வேண்டும். தனியார் கம்பெனிகளாக இருந்த காலத்தில் பாலிசிதாரர் பணத்தை முதலாளிகள் தங்கள் சொந்தத் தொழிலுக்குத் திருப்பிக்கொண்ட வழக்குகள் பல. 1955 டிசம்பரில் ரேபரேலி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி, டால்மியா குழுமம் காப்பீட்டுப் பணத்தை எப்படிக் கையாண்டது என்பதை மக்களவையில் ஆதாரத்துடன் எடுத்து வைத்தார். 1956 ஜனவரியில் அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள், 245 நிறுவனங்களின் காப்பீட்டுத் தொழிலை ஏற்றுக்கொண்டு கழகம் பிறந்தது. தனியாரிடம் பாதுகாப்பு இல்லை, எங்களிடம் உண்டு என்று வாக்குக் கொடுத்துத்தான் அரசு அந்தப் பணத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. அந்த வாக்கு ஒரு வருடம் தாங்கவில்லை என்பதே முந்த்ரா விவகாரத்தின் உண்மையான கனம்.

முந்த்ரா கடனில் மூழ்கிக்கொண்டிருந்தவர். அவரது பங்குகளின் மதிப்பு ஆட்டம் கண்டிருந்தது என்பது சந்தையில் இருந்தவர்களுக்குத் தெரியும். கழகத்துக்கென்று ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. சந்தையின் நாடித்துடிப்பு அறிந்தவர்கள் அதில் இருந்தார்கள். இவ்வளவு பெரிய கொள்முதலுக்கு முன் அந்தக் குழுவைக் கேட்கவில்லை. நிதித்துறை முதன்மைச் செயலாளர் எச்.எம். படேல், கழகத் தலைவர் ஜி.ஆர். காமத், நிர்வாக இயக்குநர் எல்.எஸ். வைத்தியநாதன் ஆகியோர் அளவில் காரியம் முடிந்தது. முந்த்ரா பட்டியல் கொடுத்தார், விலையும் பேசினார், கழகம் வாங்கியது. சில பங்குகளுக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே கொடுக்கப்பட்டது. சரிந்துகொண்டிருந்த கல்கத்தா பங்குச் சந்தையைத் தாங்கிப் பிடிக்கவே வாங்கினோம் என்பது பின்னால் சொல்லப்பட்ட சமாதானம். ஒரு சந்தை முழுவதையும் தாங்க நினைப்பவர்கள் ஒரே மனிதரின் பங்குகளை மட்டும் ஏன் வாங்கினார்கள் என்ற எளிய கேள்வியை அந்தச் சமாதானத்தால் தாண்ட முடியவில்லை.

செய்தி மெல்லக் கசிந்தது. மக்களவையில் முதலில் எழுந்த கேள்விகளுக்கு வந்த பதில்கள் நேரானவை அல்ல. கேட்ட அளவுக்கு மட்டும், அதையும் மழுப்பி. பிறகு 1957 டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி எழுந்தார். அவர் ஆளும் காங்கிரஸ் கட்சியின் உறுப்பினர். பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் மருமகன். தேதி, விலை, பங்கின் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாக அடுக்கி, இந்தக் கொள்முதல் யாருக்காக என்று அவர் கேட்டபோது அவையில் எவராலும் அதை எதிர்க்கட்சியின் சதி என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

அப்போதைய அவையின் கணக்கையும் பார்க்க வேண்டும். அதே 1957-இல் நடந்த இரண்டாவது பொதுத்தேர்தலில் 494 இடங்களில் 371-ஐக் காங்கிரஸ் பிடித்திருந்தது. ஒரு தீர்மானம் வந்தாலும் அரசு அசையப் போவதில்லை. ஆளும் உரிமை என்பது தலைகளின் எண்ணிக்கை மட்டுமே என்றால், அந்த அரசு யாருக்கும் பதில் சொல்லத் தேவையே இருந்திருக்காது. பிரதமர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒருநபர் விசாரணை ஆணையம் அமைந்தது. தேர்தல் ஓர் அரசை நாற்காலியில் உட்கார வைக்கும். அதில் உட்கார்ந்திருக்கும் தகுதியை அது கேள்வி கேட்கப்படும் ஒவ்வொரு நாளும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

சாக்ளா விசாரணையைத் திறந்த அவையில் நடத்தினார். கூட்டம் உள்ளே கொள்ளாமல் வெளியில் ஒலிபெருக்கி கட்ட வேண்டியிருந்தது. நாட்டின் நிதியமைச்சர் சாட்சியாக வந்து உட்கார்ந்தார். ரிசர்வ் வங்கி ஆளுநர் எச்.வி.ஆர். ஐயங்கார், ஸ்டேட் வங்கித் தலைவர் பி.சி. பட்டாச்சார்யா, நிதித்துறைச் செயலாளர் என ஒவ்வொருவராக வந்தார்கள். அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர் எம்.சி. செதல்வாட் அரசைக் காப்பாற்றும் வேலையைச் செய்யவில்லை. உண்மையைக் கொண்டுவர ஆணையத்துக்கு உதவினார். தெருவில் நின்ற சாதாரண ஜனம் இதையெல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டது. அதிகாரம் எப்படி முடிவெடுக்கிறது என்பது குடியரசான எட்டே ஆண்டில் அந்த ஜனத்தின் காதில் நேராக விழுந்தது.

அங்கே வெளிப்பட்ட முக்கியமான முரண் ஒன்றே. அமைச்சருக்குத் தெரிந்துதான் செய்தோம் என்றது அதிகாரிகள் பக்கம். விஷயத்தைப் பார்க்கச் சொன்னேனே தவிர ஒப்புதல் தரவில்லை என்றது அமைச்சர் பக்கம். முடிவெடுக்கப்பட்ட நேரத்தில், யார் என்ன சொன்னார்கள் என்பதை வெட்ட வெளிச்சமாக்கும் எழுத்துப் பதிவு போதிய அளவில் இல்லை. ஊழலின் விளைநிலம் பெரும்பாலும் இதுதான். லஞ்சப் பெட்டி கைமாறுவதை யாரும் பார்ப்பதில்லை. விதிப்படி நடக்க வேண்டிய ஒரு காரியம், ஒரு கூட்டத்தின் ஓரத்தில் வாய்ப்பேச்சாக முடிந்துவிடுகிறது. வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. ஆகவே கடைசியில் பொறுப்பாளியும் கிடையாது.

இந்த இடத்தில்தான் சாக்ளாவின் அறிக்கை நிமிர்ந்து நிற்கிறது. 1958 பிப்ரவரி 10 அன்று, ஆணையம் அமைந்து சுமார் ஒரு மாதத்தில், அது அரசின் கைக்குப் போனது. செயலாளர் செய்ததற்கு அமைச்சரே அரசியல் சட்டப்படி பொறுப்பு. கீழே இருப்பவர் என் கொள்கையைச் சரியாகப் பின்பற்றவில்லை என்றோ, எனக்குத் தெரியாமல் செய்தார் என்றோ சொல்லி அமைச்சர் ஒதுங்க முடியாது என்று அவர் முடிவு கூறினார். கழகம் போன்ற தன்னாட்சி அமைப்புகளின் அன்றாட வேலையில் அரசு தலையிடக் கூடாது, பாலிசிதாரர் பணம் பாலிசிதாரர் நலனுக்கே, நாடாளுமன்றத்திடம் உண்மைகளைத் தொடக்கத்திலேயே முழுமையாக வைக்க வேண்டும் என்பவையும் அவர் வகுத்த நெறிகள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. முதல் கேள்வி வந்த அன்றே எல்லாவற்றையும் அவையின் முன் வைத்திருந்தால், ஒரு தவறான முதலீடு என்ற அளவில் விவகாரம் நின்றிருக்கக்கூடும். மறைக்கப் பார்த்ததால்தான் அது அரசின் நாணயத்தைப் பற்றிய கேள்வியாக வளர்ந்தது.

அந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சென்னைக்காரர், தென்சென்னைத் தொகுதியின் உறுப்பினர், அரசியல் நிர்ணய சபையின் வரைவுக் குழுவில் இடம்பெற்றவர், அரசியலுக்கு வருமுன்பே சொந்தத் தொழிலில் செல்வம் சேர்த்தவர். இந்தப் பேரத்தில் அவர் காசு பார்த்தார் என்று ஆணையம் சொல்லவில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. 1951-இல் பம்பாய் தங்கம் வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்றுக்கொண்டு அவையில் செயல்பட்டதாக எச்.ஜி. முத்கல் என்ற உறுப்பினர் மீது புகார் வந்தபோது, அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இதே கிருஷ்ணமாச்சாரி. முத்கலின் நடத்தை அவையின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று அந்தக் குழு கண்டது, அவர் பதவியிழந்தார். ஏழாண்டு கழித்து, அன்று நீதி சொன்ன மனிதரே விலக வேண்டி வந்தது. திறமையும் தனிமனித நேர்மையும் பதவியில் நீடிக்கப் போதுமானவை அல்ல என்பதை 1958 பிப்ரவரியில் அவர் அளித்த ராஜினாமா காட்டியது. அதற்கு ஒன்றேகால் ஆண்டுக்கு முன், 1956 நவம்பரில், அரியலூர் ரயில் விபத்துக்குப் பின் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகியதும் இதே பொறுப்புணர்வில்தான். ரயிலை ஓட்டியவர் அவர் இல்லை; ஆனாலும் பொறுப்பை அவர் ஏற்றார்.

நேருவின் பங்கையும் நேராக மதிப்பிட வேண்டும். இந்த விவகாரத்தில் கிருஷ்ணமாச்சாரியின் பங்கு சிறியது என்று அவர் நம்பினார். மனம் இல்லாமல்தான் ராஜினாமாவை ஏற்றார். நிதித்துறையைத் தாமே எடுத்துக்கொண்டு 1958 பட்ஜெட்டைத் தாமே படித்தார். அதிகாரிகளின் நடத்தையை ஆராய நீதிபதி விவியன் போஸ் தலைமையில் அமைந்த குழு, காங்கிரஸ் கட்சிக்கு முந்த்ரா கொடுத்த நன்கொடைகளைச் சுட்டியபோது அவருக்குக் கோபம் வந்தது. நீதிபதியின் அறிவைக் குறைத்துப் பத்திரிகையாளர்களிடம் பேசிவிட்டார். வழக்கறிஞர்கள் கண்டித்தார்கள். பிரதமர் மன்னிப்புக் கேட்டார். பிரதமரின் கோபம் ஒரு நீதிபதியின் மரியாதைக்கு முன் தணிய வேண்டியிருந்தது என்பதும் அந்த ஆட்சியின் தகுதியைக் காட்டிய நிகழ்ச்சிதான். முந்த்ராவும் தப்பவில்லை, கைதாகிச் சிறை சென்றார்.

நன்கொடை என்ற அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் நம் காலம் வரை வந்துவிடலாம். கம்பெனிகள் அரசியல் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பது ஜனநாயகத்தை அழுத்திக் கொல்லக்கூடிய ஆபத்து என்று 1957-இலேயே, டாடா இரும்பு எஃகு நிறுவனம் தொடர்பான வழக்கில், நாடாளுமன்றத்தை எச்சரித்தவர் அதே சாக்ளா. 1969-இல் அத்தகைய நன்கொடைக்குத் தடை வந்தது. 1985-இல் தடை நீங்கியது. 2017-இல் லாபத்தில் ஏழரை சதவீதம் என்றிருந்த வரம்பும் நீக்கப்பட்டது; மறு ஆண்டு, கொடுத்தவர் யாரென்று வாக்காளருக்குத் தெரியாத தேர்தல் பத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சாக்ளாவின் எச்சரிக்கைக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே அறுபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

ஃபெரோஸ் காந்தி விட்டுச்சென்ற இன்னொன்று, 1956-இல் அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேறிய சட்டம். நாடாளுமன்றத்தில் பேசப்பட்டதை உள்ளபடி வெளியிடும் பத்திரிகை மீது வழக்குத் தொடுக்க முடியாது என்றது அது. நெருக்கடி நிலைக் காலத்தில், அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசு அந்தச் சட்டத்தை நீக்கியது. 1977-இல் ஆட்சி மாறியதும் அது திரும்ப வந்தது. 44-ஆவது திருத்தம் அந்தப் பாதுகாப்பை அரசியல் சட்டத்துக்குள்ளேயே 361ஏ பிரிவாக வைத்தது. அவையில் என்ன பேசப்பட்டது என்று ஊருக்குத் தெரியக்கூடாது என நினைக்கும் அரசு, எத்தனை பெரும்பான்மை வைத்திருந்தாலும், ஆளும் உரிமையை ஏற்கெனவே பாதி இழந்துவிட்டது.

முந்த்ரா விவகாரத்துக்குப் பின் ஊழல் தடுப்பு அமைப்புகள் பெருகின. தஞ்சை மாவட்டத்துக்காரரான கே. சந்தானம் தலைமையில் 1962-இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1964-இல் மத்திய கண்காணிப்பு ஆணையம் வந்தது. லோக்பால் மசோதா முதன்முதலாக 1968-இல் அவைக்கு வந்தது. நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2013 டிசம்பரில். முதல் தலைவர் பொறுப்பேற்றது 2019 மார்ச்சில். தமிழ்நாட்டில் லோக் ஆயுக்தா சட்டம் 2018-இல்தான் வந்தது. விசாரணை ஆணையத்திலும் இத்தகைய தாமதத்தைக் காணலாம். அயோத்தி மசூதி இடிப்பை ஆராய 1992 டிசம்பரில் அமைந்த லிபர்ஹான் ஆணையம் 48 முறை கால நீட்டிப்புப் பெற்று 2009 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வெவ்வேறு வகை விவகாரங்கள்தான் இவை. ஆனாலும் ஒரு மாதத்தில் முடிந்த விசாரணைக்கும் பதினாறரை ஆண்டு இழுத்த விசாரணைக்கும் நடுவே மக்களின் நினைவே மங்கிவிடுகிறது. தாமதமாக வரும் அறிக்கை யாரையும் பதவியிலிருந்து இறக்காது.

அமைப்புகள் பெருகியும் பொறுப்பு பெருகவில்லை என்றால், காரணம் அவையின் கேள்வி பலமிழந்ததில் இருக்கிறது. சொந்தக் கட்சியின் அமைச்சரைக் கேள்வி கேட்கும் உறுப்பினருக்கு அடுத்த முறை சீட்டு கிடைக்காது என்ற நிலை எல்லாக் கட்சிகளிலும் வந்துவிட்டது. அந்த உறுப்பினருக்குத் துணிவு தரக்கூடியவர் வாக்காளர் ஒருவரே. மக்களவை உறுப்பினர் ஒவ்வொருவரும் எழுப்பிய கேள்விகளும் அவற்றுக்கு அமைச்சர்கள் அளித்த பதில்களும் பதிவாகி, பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தே இருக்கின்றன. இங்கே கூடியிருப்போர் தங்கள் தொகுதி உறுப்பினர் கடந்த ஓராண்டில் பொதுப்பணத்தைப் பற்றி என்ன கேட்டார் என்பதை எடுத்துப் படிக்க வேண்டும். அவர் ஊருக்கு வரும்போது, திருமண மண்டபமோ கோயில் விழாவோ எங்கே கண்டாலும், அதைப் பற்றி அவரிடமே கேட்க வேண்டும்.