குழந்தைக்கு அம்மை கண்டால் யாரிடம் சொல்வது?

(கிராமத் தம்பதிகள் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் பேசிய பேச்சு)

 

காட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, கணவனும் மனைவியுமாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் அது பொம்பளைங்க சமாசாரம் என்று ஆண்கள் திண்ணையோடு நின்றுவிடுவது வழக்கம். இன்றைக்கு நான் பேசப்போகும் விஷயத்தில் தகப்பனுக்கும் சரிபாதி வேலை இருக்கிறது. ஆகையால் இரண்டு பேரும் கேளுங்கள்.

சின்னம்மையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நீர்க்கொளுவான் என்றும் சொல்வார்கள். மாசி, பங்குனியில் அதிகமாகத் தலைகாட்டும். மற்ற மாதங்களிலும் வரும்.

முதலில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில் 5 வயதுப் பையனுக்கு உடம்பெல்லாம் நீர்க்கொப்புளம். இரண்டு நாளில் அந்த வீட்டில் வளைகாப்பு. பையனின் அத்தைக்கு ஒன்பதாம் மாதம். விஷயம் வெளியே தெரிந்தால் விசேஷம் நின்றுவிடுமே என்று வீட்டார் யாரிடமும் மூச்சு விடவில்லை. பையனைப் பின்கட்டில் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். வளைகாப்பு முடிந்து அத்தையும் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டாள். இரண்டு வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல், கொப்புளம். மூன்றாம் நாள் பிரசவ வலி. பிறந்த பச்சைக் குழந்தைக்கும் சில நாளில் கொப்புளம் கண்டது. மாவட்ட ஆஸ்பத்திரியில் வைத்து ஊசி மருந்து ஏற்றித்தான் குழந்தையைக் காப்பாற்றினார்கள்.

பிறகு நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பையனின் தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "முன்னாடியே சொல்லியிருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்க முடியுமாங்க ஐயா?"

முடியும் என்றுதான் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எப்படி முடியும் என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

சின்னம்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் இலேசான காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு. அடுத்து மார்பு, முதுகு, வயிறு, முகம் இவற்றில் சிவப்புப் புள்ளிகள். சில மணி நேரத்திலேயே அவை பனித்துளி போல நீர் கோத்த கொப்புளங்களாகும். பயங்கரமாக அரிக்கும். ஒரு முக்கிய அடையாளம் உண்டு. எல்லாக் கொப்புளமும் ஒரே நாளில் வராது. மூன்று நான்கு நாளைக்குத் தொடர்ந்து புதிது புதிதாகக் கிளம்பும். அதனால் ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம்.

தட்டம்மை வேறு. மணல்வாரி என்பார்களே, அதுதான். அதில் மூக்கொழுகும், இருமும், கண் சிவக்கும். காய்ச்சல் கடுமையாக அடிக்கும். பிறகு காதோரத்திலும் முகத்திலும் தொடங்கி உடம்பெங்கும் நீர் கோக்காத சிவப்புத் தடிப்பு பரவும். அதற்குத் தடுப்பூசியைத் துணை சுகாதார நிலையத்தில் 9 மாதம் முடிந்ததும் ஒரு தரம், 16 மாதத்துக்கு மேல் 24 மாதத்துக்குள் இன்னொரு தரம் இலவசமாகப் போடுகிறார்கள். தட்டம்மை வந்த குழந்தைக்கு வைட்டமின் 'ஏ' திரவம் கொடுக்க வேண்டும். எந்த அம்மை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போவதானால், ஆஸ்பத்திரி வாசலிலேயே "அம்மை மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிவிடுங்கள். மற்ற நோயாளிகளோடு கலக்காமல் தனியாக உட்கார வைப்பார்கள்.

எப்படித் தொற்றுகிறது?

இது ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது. நோய் கண்ட குழந்தையின் மூச்சு, தும்மல், இருமல் வழியாகக் காற்றில் பரவும். கொப்புளத்து நீர் பட்டாலும் ஒட்டும். இதுவரை வராத ஆள் அதே வீட்டில் இருந்தால், பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். கிருமி புகுந்த 10 நாள் முதல் 21 நாளுக்குள் நோய் வெளியே தெரியும்.

கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே குழந்தை மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறது. அதாவது, நீங்கள் வேப்பிலை சொருகும் நாளுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தில், விளையாட்டில், பக்கத்து வீட்டில் நோய் விதைக்கப்பட்டாயிற்று. ஆகவே கதவைச் சாத்துவது மட்டும் போதாது. வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும்.

கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும். பெரும்பாலும் கொப்புளம் கண்டதிலிருந்து 5 முதல் 7 நாள். நாளை எண்ணாதீர்கள், உடம்பைப் பாருங்கள். ஈரமுள்ள ஒரு கொப்புளம் இருந்தாலும் பள்ளிக்கூடம் வேண்டாம், திருவிழா வேண்டாம், பஸ் பயணம் வேண்டாம். எல்லாம் காய்ந்துவிட்டால் பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சின்னம்மையின் காய்ந்த பொருக்கு நோயைப் பரப்பாது.

யாரிடம் சொல்ல வேண்டும்?

தகப்பன்மார்களே, இது உங்கள் வேலை. தாய் குழந்தையை விட்டு நகர முடியாது. நீங்கள் அன்றைக்கே நான்கு இடத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

ஒன்று, பள்ளிக்கூட வாத்தியாரிடம் அல்லது அங்கன்வாடியில்.

இரண்டு, கிராம சுகாதாரச் செவிலியரிடம்.

மூன்று, கடந்த இரண்டு நாளில் உங்கள் குழந்தையோடு பழகிய வீடுகளில். அங்கே கர்ப்பிணி உண்டா, கைக்குழந்தை உண்டா, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவரோ, நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவரோ உண்டா என்று கேளுங்கள். சிறு பிள்ளைக்கு இலேசாகப் போகும் இந்த நோய் அவர்களைத்தான் கடுமையாகத் தாக்கும்.

நான்கு, உங்கள் வீட்டுக்கு வரப்போகும் சொந்தக்காரர்களிடம். "இந்தப் பக்கம் இப்ப வராதீங்க" என்று சொல்வது மரியாதைக் குறைவல்ல. சொல்லாமல் இருப்பதுதான் தப்பு.

கர்ப்பிணிக்கு என்ன ஆபத்து? முன்பே சின்னம்மை வந்துபோன பெண் என்றால் பயமில்லை. வராதவளுக்குத் தொற்றினால் நுரையீரலில் சளிக்காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் 20 வாரத்தில் வந்தால், அரிதாக, வயிற்றிலுள்ள சிசுவுக்கு ஊனம் ஏற்படலாம். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து பிரசவமான 2 நாள்வரை தாய்க்குக் கொப்புளம் கண்டால், பிறந்த குழந்தைக்கு மிகக் கடுமையாக வரும். ஏனென்றால், தாயின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிக் குழந்தைக்குப் போய்ச் சேர நேரம் இருக்காது.

கர்ப்பிணி தெரியாமல் பழகிவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். இல்லையென்றால், பழகிய 10 நாளுக்குள் போடக்கூடிய பாதுகாப்பு ஊசி உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்வார்கள். எனவே நாளைத் தள்ளக்கூடாது. நான் முன்பு சொன்ன வீட்டில் இதைத்தான் செய்திருக்கலாம்.

வீட்டில் கவனிப்பது எப்படி?

ஏற்கெனவே சின்னம்மை வந்துபோன ஒருவர் குழந்தையைக் கவனிக்கட்டும். காற்றோட்டமான இடத்தில் படுக்க வையுங்கள். ஒரே அறை உள்ள வீடானால் ஜன்னலைத் திறந்து வைத்து, பாய், துண்டு, டம்ளரைத் தனியாக வையுங்கள்.

மற்ற பிள்ளைகளைப் பாட்டி ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அனுப்பாதீர்கள். அவர்களுக்குள் ஏற்கெனவே கிருமி புகுந்திருக்கும். நோயை அடுத்த ஊருக்குச் சுமந்துகொண்டு போவார்கள். 21 நாள்வரை அவர்களை வீட்டில் வைத்தே கவனியுங்கள். வீட்டில் இரண்டாவதாக வரும் பிள்ளைக்குச் சற்று அதிகமாகவே வரக்கூடும். அதையும் மனத்தில் வையுங்கள்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. உங்கள் குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் மருந்து கொடுக்கவே கூடாது. ஈரலையும் மூளையையும் கெடுத்துவிடும். ஐபுபுரூஃபன் மருந்தும் வேண்டாம்.

நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்தால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும், தழும்பு நிற்கும். அரிப்புக்குக் கலமைன் லோஷன் தடவலாம். மெல்லிய நூல் சட்டை போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம்; தேய்க்காமல் துண்டால் ஒத்தி எடுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, இளநீர், மோர், பருப்புச் சாதம், பழம், எதற்கும் பத்தியமில்லை. வாய்க்குள் கொப்புளம் இருந்தால் காரமில்லாமல் ஆறவைத்துக் கொடுங்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

மூச்சு வாங்குதல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், நடையில் தள்ளாட்டம், கழுத்து விறைப்பு, நிற்காத வாந்தி, கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுதல், கொப்புளத்துக்குள் ரத்தம், 4 நாளுக்கு மேல் காய்ச்சல், விட்ட காய்ச்சல் திரும்ப வருதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-க்குச் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. ஒரு மாதம் நிறையாத சிசு, கர்ப்பிணி, பெரியவர்கள் ஆகியோருக்குக் கொப்புளம் கண்டால் இவற்றுக்கெல்லாம் காத்திராமல் முதல் நாளே போங்கள். அசைக்ளோவிர் என்ற மருந்து 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

"அம்மா வந்திருக்கும்போது மருந்தா?"

போன கூட்டத்தில் ஒரு பாட்டியம்மா இப்படிக் கேட்டார்கள். நான் அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வாசலில் வேப்பிலை கட்டுங்கள். அந்த வீட்டுக்குள் போகக்கூடாது என்று ஊருக்கே அது அறிவிப்புப் பலகை. வீட்டைச் சுத்தமாக வையுங்கள், விருந்தாளியைக் கூப்பிடாதீர்கள், கூழும் மோரும் கொடுங்கள். எல்லாம் நல்ல வழக்கம். தாளிக்காமல் சமைத்தாலும் குற்றமில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் உங்கள் விருப்பம். ஆனால் உடைந்த கொப்புளத்தின்மேல் அரைத்த விழுது எதையும் பூசாதீர்கள். அதன் வழியே வேறு கிருமி புகும். மருந்து கொடுத்தால் அம்மன் கோபிப்பாள் என்று மூச்சு வாங்கும் குழந்தையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். அம்மனும் ஒரு தாய்தானே!

இன்னொருவர் தன் கையில் அம்மை குத்திய தழும்பைக் காட்டி, "எனக்கு வராதில்லையா?" என்றார். அது பெரியம்மைக்குக் குத்தியது, சின்னம்மையைத் தடுக்காது. பெரியம்மை இந்தியாவில் கடைசியாக வந்தது 1975-ம் ஆண்டு மே மாதம். உலகிலேயே ஒழிந்தது என்று 1980-ம் ஆண்டு மே மாதம் அறிவித்தார்கள். அதை எப்படி ஒழித்தார்கள்? வீடு வீடாகப் போய் "அம்மை கண்டவர் உண்டா?" என்று கேட்டார்கள். சொன்னவருக்குப் பணப் பரிசுகூடக் கொடுத்தார்கள். சொன்ன இடத்தில் சுற்றியிருந்தவர்களுக்கு ஊசி போட்டு நோயை மடக்கினார்கள். மறைக்காமல் சொன்னதால்தான் அந்தக் கொடிய நோய் ஒழிந்தது.

"அக்கி வந்த தாத்தாகிட்ட குழந்தையை விடலாமா?" என்றும் கேட்கிறார்கள். சின்னம்மைக் கிருமி ஆறிய பிறகும் நரம்புக்குள் தூங்கிக் கிடந்து, வயதான காலத்தில் அக்கியாக எழும். அக்கிக் கொப்புளத்து நீரிலிருந்து குழந்தைக்குச் சின்னம்மை வரலாம். அது காயும்வரை துணியால் மூடி, குழந்தையை விலக்கி வையுங்கள்.

தடுப்பூசி உண்டா?

உண்டு. இரண்டு தவணை. இது அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. வெளியில் விலைக்குக் கிடைக்கிறது. நோயாளியோடு பழகிய 3 நாளுக்குள் போட்டாலும் பலன் உண்டு. புதிதாகக் கல்யாணமானவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கர்ப்பமான பிறகு இந்த ஊசி போடக்கூடாது. மனைவிக்கு இதுவரை சின்னம்மை வந்ததில்லை என்றால், குழந்தை உண்டாவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஊசிக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். அதற்கான சாதனங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! அம்மை வருவது யார் குற்றமும் அல்ல. அதில் அவமானம் ஒன்றுமில்லை. வளைகாப்பை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். வளையலை மாமியார் வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டும் வரலாம். பச்சைக் குழந்தையின் உயிர் அப்படியல்ல. உங்கள் வீட்டில் ஒரு கொப்புளம் கண்டால் தாய் குழந்தையின் பக்கத்தில் இருக்கட்டும்; தகப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பட்டும். நான்கு வீட்டில் சொல்லிவிட்டு வரட்டும்.